இரைச்சலில் வேலைப்பாட்டைக் கண்டுகொள்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். திரைப்பாடலும் கச்சேரியும் கேட்டு வளர்ந்த நீங்கள், நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார் என்பதற்காக த்ராபிங் கிரிஸில், ஐன்ஸ்டூர்ட்செண்டே நொய்பாட்டன், ஜாய் டிவிஷன், பான் சோனிக் ஆகிய குழுக்களை வரிசையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஜாய் டிவிஷன் மட்டும் பிடித்தது. மற்றவை வெறும் இரைச்சலாகப் பட்டன. இவற்றை ரசிப்பதாகச் சொல்பவர்கள் மெய்யாகவே ரசிக்கிறார்களா, அல்லது பிறருக்குப் புரியாதது தங்களுக்குப் புரிந்ததாகக் காட்டிக்கொள்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் இதற்கு ஒப்பான முயற்சி ஏதேனும் உண்டா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. 'இதெல்லாம் இசைதானா?' என்று நீங்கள் முடித்திருந்தாலும், உங்களை உண்மையில் உறுத்துவது அது அன்று என்று நினைக்கிறேன். சுருதி, தாளம், பாவம் என்று நமக்குப் பழகிய அளவுகோல் எதுவும் செல்லாத இடத்தில், நல்ல ஆக்கத்தையும் போலியையும் எதை வைத்துப் பிரித்தறிவது என்பதே உங்கள் கேள்வி. அது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் உண்டு.

நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன். ஒலிப்பொறியியல் படித்தவன், பிறருடைய பாடல்களையும் பேச்சுகளையும் பதிவுசெய்து, கலந்து, சீர்செய்து தருவது பல ஆண்டுகளாக என் தொழில். இயந்திர ஓசையையும் இரைச்சலையும் கையாளும் இண்டஸ்ட்ரியல், பங்க் ராக்கைத் தொடர்ந்து எழுபதுகளின் இறுதியில் வந்த போஸ்ட்-பங்க், பரிசோதனை மின்னணு இசை ஆகியவற்றை நான் வாசித்தவன் அல்லன்; விடாமல் கேட்டுவருபவன். ஆகவே ஆண்டு, ஊர், கருவி பற்றி நான் சொல்பவை பலராலும் பதிவு செய்யப்பட்ட செய்திகள் என்றும், எது நிலைத்தது, எது சரிந்தது என்று சொல்பவை என் காது அளிக்கும் தீர்ப்புகள் என்றும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீர்ப்புகளின் சாரத்தை இப்போதே சொல்லிவிடலாம்: இந்த இசையில் அதிர்ச்சியூட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டவை மிக விரைவில் பழசாகிவிட்டன, ஓர் ஒலியை எப்படி உண்டாக்குவது, எதற்கு அருகில் வைப்பது, எப்போது விலக்குவது என்பதில் அக்கறை காட்டியவை நாற்பது ஆண்டுகள் கழித்தும் புதிதாகவே ஒலிக்கின்றன.

இரைச்சலை இசைக்குள் கொண்டுவரும் எண்ணம் எழுபதுகளில் தோன்றியதன்று. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருசோலோ, இயந்திரங்களின் ஓசையையும் இசையமைப்பாளன் கையாள வேண்டும் என்று 1913-இலேயே அறிக்கை எழுதி, அதற்கென்றே பெட்டி வடிவக் கருவிகளையும் செய்தார். பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர், 1948-இல் ரயில் நிலையத்தில் பதிவுசெய்த எஞ்சின் ஓசைகளைக் கொண்டே ஓர் ஆக்கத்தை அமைத்தார். ஷேஃபருக்குப் பின்னால் ஒரு வானொலி நிலையத்தின் கருவிகள் இருந்தன. எழுபதுகளில் வந்த பெரிய மாற்றம் என்று நான் கருதுவது, டேப் ரெக்கார்டரும் மலிவான மின்னணு உதிரிப்பாகங்களும் முறையாக இசை பயிலாத இளைஞர்களின் கைக்கு வந்து சேர்ந்ததைத்தான்.

1975-இல் லண்டனில் உருவான த்ராபிங் கிரிஸில் அப்படிப்பட்ட குழு. ஜெனெசிஸ் பி-ஆரிட்ஜ், கோசி ஃபானி டூட்டி, பீட்டர் கிறிஸ்டோஃபர்சன், கிறிஸ் கார்ட்டர் என்ற நால்வரும், அதற்கு முன் இருந்த கூம் டிரான்ஸ்மிஷன்ஸ் என்ற நிகழ்த்துகலைக் குழுவின் தொடர்ச்சியாக இதைத் தொடங்கினார்கள். 1976-இல் அவர்கள் நிறுவிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்ற வெளியீட்டகத்தின் பெயர் பின்னர் இந்த வகை முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. எழுதப்பட்ட வரலாறுகளில் பெரும்பாலும் பி-ஆரிட்ஜின் பேச்சும் தோற்றமுமே முன்னால் நிற்கின்றன. ஒலியைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் கூடுதலாகக் கவனிப்பது கிறிஸ் கார்ட்டரை. அவர் தம் சிந்தசைசர்களைத் தாமே சால்டரிங் செய்து உருவாக்கியவர். அந்தக் குழுவின் ஒலியை இன்றும் அடையாளம் காட்டும் 'கிரிஸிலைசர்' என்ற சிறு பெட்டி, பிரிட்டனில் வெளிவந்த ஒரு மின்னணுப் பொழுதுபோக்கு இதழில் வந்த மின்சுற்றுப் படத்தை அடிப்படையாகக் கொண்டு அவர் செய்தது. அதன் வேலை எளிமையானது: ஒரு மெதுவான அலைவு, உள்ளே வரும் ஒலியின் அளவையோ வடிகட்டியையோ ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். கிட்டார், கொம்பு, மனிதக் குரல் என எதை உள்ளே செலுத்தினாலும் அது மூச்சுவிடுவது போலத் துடித்து வெளியே வரும். கிறிஸ்டோஃபர்சனுக்காகப் பல கேசட் பிளேயர்களை ஒரு விசைப்பலகையோடு இணைத்துக் கொடுத்தவரும் அவரே. தெருவில் பதிந்த பேச்சையும் தொலைக்காட்சியின் குரலையும் ஒரு விசையைத் தொட்டால் எழுப்பலாம். பதிந்த ஒலிகளை விசைகளில் ஏற்றி வாசிக்க உதவும் சாம்ப்ளர் என்ற கருவி சாமானியர் வாங்கும் விலைக்கு வருவதற்கு முந்தைய கதை இது.

இந்தப் பின்னணியோடு, 1978-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தில் உள்ள 'ஹாம்பர்கர் லேடி' என்ற துண்டை மறுபடி கேட்கச் சொல்வேன். கடுமையான தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட கடிதத்தின் வாசகமே அதன் சொற்கள். இவ்வளவு கொடிய பொருளை எடுத்துக்கொண்டு யாரும் அதில் அலறவில்லை. கீழே மந்தமாக ஒரு துடிப்பு. அதன்மேல் தொலைவிலிருந்து வரும் சங்கொலி போல ஏறி இறங்கும் ஓர் ஒலி. இரண்டுக்கும் நடுவில், உணர்ச்சியற்று வாசிக்கும் குரல் பாதி அழிந்த நிலையில் கேட்கிறது. சொற்கள் முழுதாகப் பிடிபடாததால் நாம் காதைக் கூர்மையாக்குகிறோம். கூர்மையாக்கிய காதில் அரைகுறையாக விழும் சொற்கள், தெளிவாகச் சொல்லியிருந்தால் தந்திருக்கக்கூடிய கலக்கத்தைவிட அதிகமான கலக்கத்தைத் தருகின்றன. குரலை எந்த அளவுக்கு மங்கச் செய்வது என்பதை யாரோ ஒருவர் யோசித்து முடிவுசெய்திருக்கிறார். நான் வேலைப்பாடு என்று சொல்வது இதைத்தான்.

கலவை சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, எங்கள் தொழிலில் பழைய சோதனை ஒன்று உண்டு. ஒலியளவை அறைக்குள் நடக்கும் பேச்சைவிடக் குறைவாக வைத்துக் கேட்போம். சத்தத்தின் பலத்தில் மட்டும் நின்றுகொண்டிருந்த எதுவும் அப்போது உதிர்ந்துவிடும்; ஒலிகளுக்கிடையே உள்ள உறவு மட்டும் எஞ்சும். இந்தச் சோதனையை இரைச்சல் இசைக்கும் நீங்கள் பயன்படுத்தலாம். 'ஹாம்பர்கர் லேடி'யை மெதுவாக வைத்தால் அதன் கலக்கம் குறைவதில்லை. அதே குழுவின் 1977-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி, என் காதுக்கு, இந்தச் சோதனையில் தேறுவதில்லை. அதன் முதல் பதிப்பு 785 படிகள் மட்டுமே அச்சானது. அதனாலேயே சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். அரிதாகக் கிடைக்கும் தட்டு நல்ல தட்டாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் சந்தேகத்தில் உள்ள உண்மையையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்த வட்டத்தில் அபூர்வத்தையே தரமாக எண்ணிக்கொள்பவர்கள் உண்டு, கேட்டு மகிழ்ந்ததைவிடத் தேடிப் பிடித்ததைப் பற்றி அதிகம் பேசுபவர்கள் அவர்கள்.

அதிர்ச்சியைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸின் சின்னம் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் படம். 1976-இல் லண்டனின் தற்காலக் கலை நிறுவனத்தில் இவர்கள் நடத்திய கண்காட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை வெகுண்டெழச் செய்தது. 'நாகரிகத்தைச் சிதைப்பவர்கள்' என்று அவர் இவர்களைச் சாடினார். போருக்குப் பிந்தைய ஐரோப்பா தன் கொடுமைகளை மறைத்துவைத்து வாழ்கிறது, அதைக் கண்முன் நிறுத்துகிறோம் என்பது இதற்கு அளிக்கப்படும் வழக்கமான விளக்கம். தொடக்கத்தில் அந்த நோக்கம் இருந்திருக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட இடத்தை ஒரு வெளியீட்டகத்தின் சின்னமாக்குவது எனக்கு ஏற்புடையதன்று. பின்னால் வந்த பல குழுக்கள், கேள்வி எதுவும் எழுப்பாமல், சீருடையையும் பிணப்படங்களையும் வெறும் அலங்காரமாக எடுத்துக்கொண்டதற்கு அது வழிதிறந்தது. அவற்றில் பெரும்பாலானவை இன்று கேட்கத் தக்கவையாகவும் இல்லை. படத்தை எடுத்துவிட்டால் உள்ளே ஒலி என்று எதுவும் மிஞ்சாத ஆக்கங்கள் அவை.

மாறாக, தென்கிழக்கு லண்டனில் உருவான டெஸ்ட் டிபார்ட்மென்ட் என்ற குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களும் கழித்துப்போட்ட இரும்பையும் தகரத்தையும் அடித்தவர்கள்தான். 1984-இல் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது இவர்கள் அதன் பக்கம் நின்று, தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். தேவாலயத்தில் பழகிய அந்த ஆண்குரல்களுக்குப் பக்கத்தில் இரும்பின் ஓசை வரும்போது, அந்த இரும்பு யாருடைய வேலையைக் குறிக்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

இதன் தொடர்ச்சியாக, தொழில்நகரங்கள்தாம் இந்த இசையைப் பெற்றெடுத்தன என்ற பரவலான கூற்றையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1973-இல் ஷெஃபீல்டில் கேபரே வால்டேர் குழுவைத் தொடங்கிய ரிச்சர்ட் எச். கிர்க், ஸ்டீபன் மாலிண்டர், கிறிஸ் வாட்சன் ஆகியோர் எஃகு ஆலைகளின் ஊரில் வளர்ந்தவர்கள். இரவெல்லாம் கேட்ட சம்மட்டி ஓசையைப் பற்றி ஷெஃபீல்டு இசைக்கலைஞர்களே பேசியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சம்மட்டி ஓசை கேட்ட ஊர்கள் உலகெங்கும் இருந்தன. அவற்றில் மிகச் சிலவற்றில்தான் இப்படி ஓர் இசை உருவானது. காலியான ஆலைக் கட்டடங்களில் குறைந்த வாடகைக்குக் கிடைத்த இடம், கலைக்கல்லூரிகளின் தாக்கம், மரபைக் கேலிசெய்த டாடா என்ற ஐரோப்பியக் கலை இயக்கத்தையும் ஒலிநாடா வெட்டி ஒட்டும் உத்தியையும் பற்றிப் படித்த ஆர்வம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. ஆலை ஓசையின் பங்கு எவ்வளவு, வாடகையின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல வழியில்லை. 'நாக் நாக் நாக்' என்ற கேபரே வால்டேரின் 1979-ஆம் ஆண்டுப் பாடலைக் கேட்டால் எஃகு ஆலையைவிட, அறுபதுகளின் அமெரிக்க கராஜ் ராக் குழுக்களே எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன.

நொய்பாட்டன் குழுவின் கதையிலும் உறுதியானதும் கட்டுக்கதையும் பின்னிக் கிடக்கின்றன. 1980-இல் மேற்கு பெர்லினில் பிளிக்ஸா பார்கெல்டும் என். யூ. உன்ருவும் தொடங்கிய குழு இது. உன்ரு பணமில்லாமல் தம் டிரம்ஸ் கருவிகளை விற்றுவிட்டு, இரும்புத் துண்டுகளையும் கட்டட வேலைக் கருவிகளையும் அடிக்கத் தொடங்கினார். அதே ஆண்டு ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உட்குழிவுக்குள் புகுந்து பதிவுசெய்து அதைக் கேசட்டாக வெளியிட்டார்கள். 1984 ஜனவரியில் லண்டனின் தற்காலக் கலை நிறுவனத்தில் கான்கிரீட் கலவை இயந்திரமும் துளைக்கும் இயந்திரங்களும் வைத்து நடந்த நிகழ்ச்சியில் மேடை சேதமடைந்ததும், நிர்வாகிகள் நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தியதும் உறுதி. மேடையைத் துளைத்துக் கீழே இருக்கும் சுரங்கப் பாதை வழியாக பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போக முயன்றார்கள் என்று சொல்லப்படுவதை, சொல்பவர்களின் உற்சாகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதைகளால், நொய்பாட்டன் என்றாலே இரும்பு உடைப்பவர்கள் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அவர்களுடைய 1985-ஆம் ஆண்டு ஆல்பமான 'ஹால்பர் மென்ஷ்' அந்த எண்ணத்தை மாற்றும். அதன் பெயர்ப்பாடலில் இரும்பே இல்லை. அடுக்கடுக்காக வைக்கப்பட்ட மனிதக் குரல்கள் மட்டும். ஒரு குரல் வரிசை குறுகிய சொற்களைத் தாளம் போலத் தட்டுகிறது. மற்றொன்று அதைக் குறுக்கே வெட்டுகிறது. பார்கெல்டின் குரல் இரண்டையும் பிளந்துகொண்டு வருகிறது. உலோகத்தில் அவர்கள் கற்ற பாடத்தைக் குரலுக்கு மாற்றியிருக்கிறார்கள்: தொடக்கம் கூர்மையாக இருக்க வேண்டும், முடிவு துண்டிக்கப்பட வேண்டும், நடுவில் வரும் மௌனத்துக்கும் அளவு இருக்க வேண்டும். எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது. ஆகவே பார்கெல்டின் சொற்களை மொழிபெயர்ப்பில்தான் வாசித்திருக்கிறேன். அவரைக் கவிஞராக மதிப்பவர்களோடு வாதிடும் தகுதி எனக்கில்லை. குரலை ஒரு கருவியாகக் கையாள்பவர் என்ற அளவில் அவர் மிகப் பெரியவர் என்பதை மட்டும் தயக்கமின்றிச் சொல்வேன்.

உங்களுக்கு ஜாய் டிவிஷன் பிடித்திருக்கிறது என்பது என் வேலையை எளிதாக்குகிறது. பாட்டு இருப்பதால் அது பிடித்தது என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பாட்டைச் சுற்றி நடந்திருக்கும் வேலையும் இண்டஸ்ட்ரியல் குழுக்கள் செய்த அதே வேலைதான். 1979-இல் வந்த 'அன்நோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தை, ஸ்டாக்போர்ட் நகரத்தின் ஸ்ட்ராபெரி ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரித்தவர் மார்ட்டின் ஹானெட். மேடையில் இந்தக் குழு முரட்டுத்தனமாக வாசிப்பது. ஹானெட், டிரம்ஸின் ஒவ்வொரு பகுதியின் ஒலியும் அடுத்ததில் கலந்துவிடாமல் இருக்க, அவற்றைத் தனித்தனியே வாசிக்கச் செய்து பதிந்தார். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பத் தரும், அப்போது புதிதாக வந்திருந்த டிஜிட்டல் டிலே கருவியைக் கொண்டு வெவ்வேறு இடம் அமைத்தார். 'இன்சைட்' பாடலின் தொடக்கத்தில் கேட்பது அந்தக் கூடத்தின் பழைய லிஃப்ட். கடைசிப் பாடலில் கண்ணாடி உடைகிறது. பீட்டர் ஹுக்கின் பேஸ் கிட்டார் மேல்ஸ்தாயியில் ராகம் போல நகர்வதற்கும் நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு: அவருடைய மலிவான ஆம்ப்ளிஃபையரில் கீழ்த் தந்திகளை வாசித்தால், கிட்டாரின் சத்தத்தில் அவர் வாசிப்பது அவருக்கே கேட்கவில்லை. ஆல்பம் வெளிவந்தபோது ஹுக்குக்கும் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்கும் அது பிடிக்கவில்லை. அவர்களுடைய மனக்குறை எனக்குப் புரிகிறது. மேடையில் இருந்த வேகத்தை ஹானெட் குறைத்துவிட்டார் என்பது மெய். ஆயினும், நால்வரும் ஒரே அறையில் இருந்தும் ஒருவரையொருவர் எட்ட முடியாத தொலைவில் வாசிப்பது போன்ற அந்த உணர்வு ஹானெட் தந்தது. இயன் கர்ட்டிஸின் குரல் அந்த வெற்றிடத்தில்தான் பொருள் கொள்கிறது.

கர்ட்டிஸ் 1980 மே மாதம், 23 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு வரியையும் அந்த மரணத்தின் முன்னறிவிப்பாக வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. வலிப்பு நோயும் மன அழுத்தமும் அவரைத் துன்புறுத்தின என்பது உறுதியான செய்தி. பாடல்களை அந்த முடிவுக்கான சாட்சியங்களாக மட்டும் கேட்பது, அந்த இளைஞர் தம் வேலையில் காட்டிய கவனத்தைப் பறித்துவிடுகிறது. தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

போஸ்ட்-பங்கில் எனக்கு மிக நெருக்கமான தட்டு, பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் 'மெட்டல் பாக்ஸ்'. 1979 நவம்பரில், திரைப்படச் சுருள் வைக்கும் வட்டத் தகரப் பெட்டிக்குள், 45 சுற்று வேகத்தில் ஓடும் மூன்று 12 அங்குலத் தட்டுகளாக 60,000 படிகள் வெளிவந்தன. பெட்டி கண்ணைக் கவர்வதற்கானது. தட்டை மூன்றாகப் பிரித்ததற்கு ஒலி சார்ந்த நியாயம் உண்டு. ஆழ்ந்த பேஸ் ஒலியைச் செதுக்கத் தட்டில் அகலமான பள்ளம் வேண்டும்; ஒரே தட்டில் நிறையப் பாடல்களைத் திணித்தால் பேஸைக் குறைக்க வேண்டியிருக்கும். ஜா வோபிளின் பேஸ்தான் இந்த ஆல்பத்தின் தூண் என்பதால் அதற்கு இடம் விட்டார்கள். இந்த அறிவு ஜமைக்காவிலிருந்து வந்தது. கிங்ஸ்டன் நகரத்தில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி, பாடல்களிலிருந்து குரலையும் கிட்டாரையும் நீக்கி, எஞ்சிய பேஸையும் டிரம்ஸையும் எதிரொலியில் மிதக்கவிட்டு டப் என்ற வடிவத்தை வளர்த்தார். நீக்குவதும் ஒரு படைப்புச் செயல் என்பதைப் பிரிட்டனின் இளைஞர்கள் அவரைப் போன்றவர்களிடம் கற்றார்கள். போஸ்ட்-பங்க் வரலாற்றில் இந்தக் கடன் இன்னும் உரிய அளவு சொல்லப்படவில்லை என்பது என் ஆதங்கம். அதே ஆல்பத்தில், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த தம் தாயைப் பற்றி ஜான் லைடன் பாடும் பாடலில், கிட்டார் சாய்கோவ்ஸ்கியின் அன்ன ஏரி பாலே இசையின் மெட்டைத் தேய்த்து வாசிக்கிறது. பேஸ் நடனத்துக்கான தாளத்தில் நிற்காமல் ஓடுகிறது. துக்கத்தையும் நடனத்தையும் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கத் துணிந்தவர்கள் குறைவு.

பான் சோனிக் பற்றி நீங்கள் சொன்னது வேறு வகை. அதை நீங்கள் கைப்பேசியில் கேட்டிருந்தால், இன்னும் கேட்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஃபின்லாந்தின் மிக்கா வைனியோவும் இல்போ வைசனெனும் தொண்ணூறுகளில் தொடங்கி நடத்திய இந்தக் குழு, நண்பர் ஒருவர் கைப்படச் செய்து கொடுத்த அலைவியற்றிகளிலிருந்து (ஆசிலேட்டர்) தூய அதிர்வொலிகளை எடுத்து, அவற்றையே அடுக்கி அமைத்தது. அதன் உயிர் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அவற்றைத் தராது, தருவதற்கான உடல் அதற்கில்லை. நான் மேலே சொன்ன குறைந்த ஒலியளவுச் சோதனையும் இங்கே செல்லாது. நெஞ்சில் உணர வேண்டியதைக் காதின் ஓரத்தில் வைத்து மதிப்பிட முடியாது. நல்ல ஒலிபெருக்கியில், அறையில் போதிய இடமிருக்கும்போது கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது காதைக் காத்துக்கொள்ளவும் வேண்டும்: 85 டெசிபெல் அளவில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழிலிடங்களுக்காக வகுக்கப்பட்ட வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் அது 15 நிமிடம்தான். போன செவித்திறன் திரும்பாது.

அதே தொண்ணூறுகளில் ஆட்டெக்கர் என்ற ஆங்கிலேய இரட்டையர் செய்த ஒரு காரியம், இந்த இசையில் அறிவும் உணர்வும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு நல்ல சான்று. 1994-இல் பிரிட்டன் கொண்டுவந்த சட்டம் ஒன்று, திறந்தவெளி நடன விருந்துகளைத் தடுப்பதற்காக, 'திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள்' கொண்ட இசை என்று ஒரு வரையறை எழுதியது. இவர்கள் அதற்கு விடையாக, எந்த இரண்டு ஆவர்த்தனமும் ஒன்றுபோல் அமையாத 'ஃப்ளட்டர்' என்ற துண்டை அமைத்து வெளியிட்டார்கள். அரசியல் எதிர்ப்பு என்பதை மறந்துவிட்டுக் கேட்டாலும் அது அழகான துண்டு. தாளம் நழுவிக்கொண்டே இருக்க, மேலே மெட்டு அமைதியாக மிதக்கிறது. ஜப்பானின் மாசாமி அகிதா, மெர்ஸ்போ என்ற பெயரில் வெளியிடும் முழு இரைச்சல் ஆக்கங்களில் எனக்கு இப்படிப் பிடிமானம் கிடைப்பதில்லை. அவற்றில் நுண்மையான மாற்றங்களைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நடிக்கவில்லை என்றே நம்புகிறேன். என் காது ஒரு எல்லைக்கு மேல் அங்கே செல்ல மறுக்கிறது.

இந்தியாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். கீதா சாராபாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா உள்ளிட்ட சிலர் அடுத்த சில ஆண்டுகள் அதில் பரிசோதனைகள் செய்தார்கள். அந்த நாடாக்கள் நெடுங்காலம் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து, 2023-இல் தொகுப்பாக வரக் காரணமானவர் பால் பர்கஸ். எம்ப்டிசெட் என்ற பிரிட்டானியக் குழுவில் கரடுமுரடான மின்னணு இசையைச் செய்பவர் அவர். மும்பையில் திரையிசைக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங், 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் சிந்தசைசர்களிலும் தாளக் கருவியிலும் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிந்த ஆல்பமும் பிற்காலத்தில் புகழ்பெற்றது. சிகாகோவில் பின்னால் தோன்றிய ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையை அவரே முதலில் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறார்கள். அதே கருவிகள், வியக்கத்தக்க ஒற்றுமை, முந்தைய ஆண்டு என்பவை உறுதி; சிகாகோ அவரிடமிருந்து கற்றது என்பதற்கு ஆதாரமில்லை. இன்னொரு இழையும் உண்டு: அமெரிக்கரான லா மான்ட் யங், தம்பூராவின் இடையறாத ஒலிக்கு ஆட்பட்டு, 1970 முதல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண்நாத்தின் சீடரானவர். அறுபதுகளில் அவருடைய குழுவில் வாசித்த ஜான் கேல், பின்னர் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் ராக் குழு வழியாகப் போஸ்ட்-பங்க் தலைமுறையைப் பாதித்தார். தமிழரைப் பொறுத்தவரை, ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2010-இல் வெளியிட்ட 'பார்ன் ஃப்ரீ' பாடல், நியூயார்க்கின் சூசைட் குழுவினுடைய 1977-ஆம் ஆண்டுப் பதிவை அடித்தளமாகக் கொண்டது. தேடிப்பிடித்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு என் பரிந்துரை இதுதான். ஏற்கெனவே பிடித்த ஜாய் டிவிஷனையே மறுபடி எடுத்து, இம்முறை பாடலை விட்டுவிட்டு டிரம்ஸைச் சுற்றியுள்ள வெளியை மட்டும் கவனியுங்கள். பிறகு 'மெட்டல் பாக்ஸ்', அதன்பின் 'ஹால்பர் மென்ஷ்' பெயர்ப்பாடல். த்ராபிங் கிரிஸிலுக்குத் திரும்பும்போது, 1979-இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தில் கோசி மெல்லிய குரலில் கிசுகிசுக்கும் 'ஹாட் ஆன் தி ஹீல்ஸ் ஆஃப் லவ்' பாடலிலிருந்து நுழையுங்கள். அது கிட்டத்தட்ட டிஸ்கோ. கேபரே வால்டேரை விட்டு 1981-இல் விலகிய கிறிஸ் வாட்சன், வனவிலங்குகளின் ஒலிகளைப் பதிவுசெய்பவராகி, டேவிட் அட்டன்பரோவின் இயற்கை பற்றிய தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பணியாற்றினார். மெக்சிகோவின் குறுக்கே ஓடிய, இப்போது நின்றுபோன ரயில் பயணத்தின் பதிவுகளிலிருந்து 2011-இல் அவர் அமைத்த ஆல்பம், ஷேஃபர் 1948-இல் தொடங்கிய வேலையை அறிந்தே தொடர்கிறது. ரயில் ஓசையை ரயில் ஓசையாகக் கேட்டு மகிழ்வதில் உங்களுக்குத் தடையேதும் இருக்காது என்பதால், அதை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்டுவிட்டு, அந்தக் காதோடு 'ஹாம்பர்கர் லேடி'க்குச் செல்லுங்கள். பான் சோனிக்கை, பெரிய ஒலிபெருக்கி வைத்திருக்கும் நண்பர் யாரேனும் கிடைக்கும்வரை ஒத்திவையுங்கள். இத்தனைக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், அது உங்கள் காதின் குறை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.